பட்டிப்பூவும் மதுவமும்: தாவரங்களை அழிக்காமல் மருந்துகளை ஆக்கும் உயிரியல் தொழில்நுட்பம்

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எவரும் நடாமலே வளரும் செடிகளில் ஒன்று பட்டிப்பூ. வேலியோரத்திலும் கோயில் வீதியிலும் மணல் தரையிலும், ஆளில்லாத வீடுகளின் முற்றத்திலும் அது வெள்ளையாகவும் ஊதாவாகவும் பூத்துக் கிடக்கும். வெயிலுக்கும் வரட்சிக்கும் அது மசிவதில்லை. ஆடு, மாடு அதில் வாய் வைப்பதில்லை. தமிழகத்தில் இதனை நித்தியகல்யாணி என்பார்கள். இதன் தாயகம் இந்து சமுத்திரத்தின் மறுகரையில் உள்ள மடகஸ்கார் தீவு.

கால்நடைகள் ஒதுக்கும் இந்தக் கசப்பு இலைக்குள்தான் உலகின் மிக முக்கியமான புற்றுநோய் மருந்துகளில் இரண்டு இருக்கின்றன. ஒன்று வின்பிளாஸ்டின், மற்றையது வின்கிறிஸ்டின். சிறுவர்களைத் தாக்கும் குருதிப் புற்றுநோய்க்கும் நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்களுக்கும் இவை பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இவை உள்ளன.

மருந்துத் தட்டுப்பாடு என்றால் என்னவென்று எமது மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் வடக்குக்கு வரும் மருந்துகள் அனுமதிக்கும் அளவுக்கும் கட்டுப்பட்டே வந்தன. 2009 இன் முதல் மாதங்களில் வன்னியின் தற்காலிக வைத்தியசாலைகளில் மயக்க மருந்தும் போதாமல் சத்திரசிகிச்சைகள் நடந்தன. 2022 இல் நாடு அந்நியச் செலாவணி இன்றித் தவித்தபோது புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. எனவே ஒரு மருந்து எதிலிருந்து வருகிறது, யார் அதைச் செய்கிறார்கள், எவ்வளவு செய்ய முடியும் என்ற கேள்விகள் எமக்கு வெறும் விஞ்ஞானக் கேள்விகள் அல்ல.

தாவரம் ஏன் மருந்தை ஆக்குகிறது?

தாவரம் எமக்காக மருந்து செய்வதில்லை. ஓட முடியாத அந்த உயிர், தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும், தொற்ற வரும் பங்கசையும் இரசாயனப் பொருட்களைக் கொண்டே எதிர்க்கிறது. பூச்சிக்கு நஞ்சாக இருக்கும் பொருள் சரியான அளவில், சரியான இடத்தில் கொடுக்கப்படும்போது மனிதனுக்கு மருந்தாகிறது. சிங்கோனா மரப்பட்டையின் குயினைன், அபினியின் மோர்பின், மஞ்சளின் நிறப்பொருள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை.

ஆனால் தாவரம் இவற்றைத் தன் தேவைக்கு அளவாகவே செய்கிறது. பட்டிப்பூவில் அது மிகமிகக் குறைவு. ஒரு கிராம் வின்பிளாஸ்டினைப் பெற ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். பிரித்தெடுக்கவும் சுத்திகரிக்கவும் ஏராளமான கரைப்பான்களும் சக்தியும் செலவாகும். மழை பிழைத்தாலும் நோய் விழுந்தாலும் விளைச்சல் மாறும். இப்போது மருந்துக் கம்பனிகளுக்கான இலையும் வேரும் பெரும்பாலும் இந்தியாவிலும் மடகஸ்காரிலும் பயிரிடப்படுகின்றன. தென் தமிழகத்தின் வானம் பார்த்த நிலங்களில் நித்தியகல்யாணி ஒரு பணப்பயிர்.

ஜமெய்க்காவிலிருந்து வந்த இலைகள்

இந்த மருந்து கண்டுபிடிக்கப்பட்ட விதமும் சுவையானது. ஜமெய்க்காவில் நீரிழிவு நோயாளர்கள் பட்டிப்பூ இலையை அவித்துக் குடித்து வந்தார்கள். 1952 இல் அங்கிருந்த வைத்தியர் ஒருவர் சில இலைகளைக் கனடாவின் ரொறொன்ரோவில் இருந்த வைத்தியர் கிளார்க் நோபிளுக்கு அனுப்பினார். அவர் அதைத் தன் சகோதரரும் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழக ஆய்வாளருமான றொபேட் நோபிளிடம் ஒப்படைத்தார்.

எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்ததில் குருதியில் சீனி குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசி மூலம் ஏற்றியபோது எலிகள் கிருமித் தொற்றால் இறந்தன. காரணம் தேடிய நோபிள், அவற்றின் வெண்குழியங்கள் பெருமளவில் குறைந்திருப்பதைக் கண்டார். குருதிப் புற்றுநோயில் கட்டுக்கடங்காமல் பெருகுவது இந்த வெண்குழியங்களே. நோபிளும் இரசாயனவியலாளர் சாள்ஸ் பியரும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1958 இல் அறிவித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் ஈலை லில்லி கம்பனியும் தனியாக இந்தச் செடியை ஆராய்ந்து கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த வின்கிறிஸ்டின் 1963 இல் அமெரிக்காவில் பாவனைக்கு அனுமதிக்கப்பட்டது.

செடியின் தாயகமான மடகஸ்காருக்கு இந்த மருந்துகளின் இலாபத்தில் பங்கு கிடைக்கவில்லை என்பது நீண்டகாலக் குற்றச்சாட்டு. ஒரு நாட்டின் உயிரின வளத்திலிருந்து வரும் பயனை அந்த நாட்டுடனும் மக்களுடனும் நீதியாகப் பகிர வேண்டும் என்ற நகோயா உடன்படிக்கை 2010 இல் ஏற்கப்பட்டு 2014 இல்தான் நடைமுறைக்கு வந்தது.

பட்டை உரிக்கப்பட்ட மரங்கள்

பட்டிப்பூவை மீண்டும் மீண்டும் பயிரிடலாம். எல்லாத் தாவரங்களுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் யூ என்ற மரம் மிக மெதுவாக வளர்கிறது. 1962 இல் அதன் பட்டை ஆய்வுக்காகச் சேகரிக்கப்பட்டது. மொன்றோ வோல், மன்சுக் வாணி என்ற இரு விஞ்ஞானிகள் அதிலிருந்து டக்சோல் என்ற பொருளைப் பிரித்து, 1971 இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். 1992 இல் அது சூலகப் புற்றுநோய்க்கு மருந்தாக அனுமதி பெற்றது. பின்னர் மார்பகப் புற்றுநோய்க்கும் பயன்பட்டது.

ஒரு கிலோ டக்சோலுக்கு ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை தேவைப்பட்டது. பட்டையை உரித்தால் மரம் இறந்துவிடும். நோயாளரைக் காப்பாற்றுவதா, காட்டைக் காப்பாற்றுவதா என்ற பொல்லாத கேள்வி எழுந்தது.

முதலாவது விடையாக, ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளில் இருந்து டக்சோலுக்கு நெருங்கிய ஒரு பொருளை எடுத்து, மிகுதி வேலையை ஆய்வுகூடத்தில் முடித்தார்கள். இலை மீண்டும் துளிர்க்கும் என்பதால் மரம் பிழைத்தது. இரண்டாவது விடை இன்னும் முன்னே சென்றது. யூ மரத்தின் கலங்களை மட்டும் எடுத்து, மரமே இல்லாமல், பெரிய தாங்கிகளில் போசணைத் திரவத்துக்குள் வளர்த்து அவற்றிலிருந்தே மருந்தைப் பெற்றார்கள். பிறிஸ்டல் மயர்ஸ் ஸ்குயிப் கம்பனி 2002 அளவில் இந்த முறைக்கு மாறியது. அதற்காக 2004 இல் அமெரிக்க அரசின் பசுமை இரசாயன விருதும் பெற்றது.

கல வளர்ப்பு என்பது என்ன?

எமது விவசாயிகளுக்கு இழையவளர்ப்பு வாழைக்கன்று தெரியும். வாழையின் சிறு முளைப் பகுதியைக் கிருமி நீக்கிய போத்தலில் வளர்த்து, ஒரேமாதிரியான பல கன்றுகளைப் பெறும் முறை அது. மருந்துக்கான கல வளர்ப்பும் அதே அடிப்படையில்தான் நிற்கிறது. ஆனால் இங்கே கலங்களை வேரும் இலையுமாக வளர விடுவதில்லை. அவை உருவமற்ற கலத்திரளாகவே பெருகுகின்றன. வெப்பம், ஒளி, ஒட்சிசன், சீனி எல்லாம் அளந்து கொடுக்கப்படும். பூச்சி தாக்கியது போன்ற ஒரு தூண்டலை இரசாயனம் மூலம் கொடுத்தால், கலம் தன் பாதுகாப்புப் பொருளைக் கூடுதலாகச் செய்யும்.

இதை முதலில் வணிக அளவில் செய்து காட்டியவர்கள் யப்பானியர். சிக்கோனின் என்ற செந்நிறப் பொருள் அங்கே மருந்தாகவும் சாயமாகவும் பயன்பட்டது. அதைத் தரும் செடியின் வேர் முதிரச் சில ஆண்டுகள் செல்லும். காட்டுச் செடிகளும் அருகி வந்தன. மிற்சுயி கம்பனி 1983 அளவில் அதனைக் கல வளர்ப்பு மூலம் சில வாரங்களிலேயே உற்பத்தி செய்தது. உதட்டுச் சாயத்தில் சேர்த்தும் விற்கப்பட்டது.

இந்த முறை எல்லாச் செடிகளுக்கும் பொருந்தவில்லை. பட்டிப்பூவின் கலங்களைத் தாங்கியில் வளர்த்தபோது, வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய இரு பாதிகளில் ஒன்றான விண்டோலினை அவை செய்ய மறுத்தன. செடியில் அந்த வேலை இலையின் வெவ்வேறு வகைக் கலங்களிடையே பங்கிடப்பட்டிருக்கிறது. ஒரு வகைக் கலம் தொடங்கியதை இன்னொரு வகைக் கலம் முடிக்கிறது. ஒரேமாதிரியான கலத்திரளால் அது முடியாது.

கள்ளும் அப்பமும் புளிக்க வைக்கும் உயிர்

அடுத்த வழி மதுவம். கடையில் ஈஸ்ட் என்று வாங்குவது இதுதான். பதநீரைக் கள்ளாக்குவதும், கள் விட்ட அப்பமாவைப் பொங்க வைப்பதும் இந்த நுண்ணங்கியே. சீனியைத் தின்று அற்ககோலும் காபனீரொட்சைட்டும் வெளிவிடுவது அதன் இயல்பு. அந்த இயல்பை மாற்றி, சீனியைத் தின்று மருந்தை வெளிவிடும்படி செய்ய முடியுமா என்பதே விஞ்ஞானிகள் கேட்ட கேள்வி.

ஒவ்வொரு உயிர்க்கலத்திலும் பரம்பரையலகுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பரம்பரையலகும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான கட்டளை எனலாம். நொதியங்கள் அந்தப் புரதங்களில் ஒரு வகை. ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றும் வேலையாள் அந்த நொதியம். தாவரம் ஒரு மருந்தைப் படிப்படியாகச் செய்கிறது, ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதியம் வேண்டும். அந்த வரிசை முழுவதற்குமான பரம்பரையலகுகளைத் தாவரத்தில் கண்டறிந்து மதுவத்துக்குள் வைத்துவிட்டால், தாவரத்தின் வேலையை மதுவம் செய்யும். மனித இன்சுலினைப் பற்றீரியா செய்வதும் இப்படித்தான். அது 1982 இல் பாவனைக்கு வந்தது. இன்சுலினுக்கு அடிப்படைக் கட்டளை ஒன்றே போதும். தாவர மருந்துக்குப் பத்து, இருபது, முப்பது கட்டளைகள் வேண்டும்.

மலேரியா மருந்து சொன்ன பாடம்

இந்த முறையின் முதலாவது பெரிய வெற்றி ஆட்டிமிசினின். வியற்நாம் போர்க்காலத்தில், மலேரியாவால் படையினர் இறந்ததால், சீனா 1967 இல் இரகசியமாகத் தொடங்கிய ஆய்வில் து யூயூ என்ற பெண் விஞ்ஞானி பழைய சீன மருத்துவ ஏடுகளைப் புரட்டி இதனைக் கண்டறிந்தார். 2015 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று உலகெங்கும் மலேரியாவுக்குக் கொடுக்கப்படும் கூட்டு மருந்துகளின் அடிப்படை இதுவே. மலேரியா எமது மண்ணையும் வாட்டிய நோய். இலங்கை 2012 இல் கடைசி உள்நாட்டு நோயாளரைக் கண்டு, 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது.

ஆட்டிமிசினின் ஒரு வயற்செடியிலிருந்து வருகிறது. விதைத்து அறுவடை செய்யப் பல மாதங்கள் செல்லும். ஒரு வருடம் விலை ஏறினால் அடுத்த வருடம் எல்லோரும் பயிரிடுவார்கள், விலை விழும். எமது வெங்காயச் செய்கையாளர் நன்கு அறிந்த கதை இது. 2000களின் நடுப்பகுதியில் ஒரு கிலோ ஆயிரம் டொலர் அளவுக்கு ஏறி, ஓரிரு ஆண்டுகளில் இருநூறு டொலர் அளவுக்கு விழுந்தது.

கலிபோர்னியாவின் பேராசிரியர் ஜே கீஸ்லிங், 4 கோடியே 26 இலட்சம் டொலர் கேற்ஸ் அறக்கட்டளை நிதியுடன் இதற்கு விடை தேடினார். 2006 இல் அவரது குழு, ஆட்டிமிசினினுக்கு முந்திய படியான ஆட்டிமிசினிக் அமிலத்தை மதுவத்தில் உண்டாக்கியது. 2013 இல் ஒரு லீற்றருக்கு 25 கிராம் என்ற அளவு எட்டப்பட்டது. சனோபி கம்பனி அதே ஆண்டு இத்தாலியில் உற்பத்தியைத் தொடங்கியது. உலகத் தேவையின் மூன்றில் ஒரு பங்கைச் செய்யக்கூடிய ஆலை அது.

ஆனால் அந்த நேரத்தில் பயிரிட்ட ஆட்டிமிசினினின் விலை கிலோவுக்கு 250 டொலருக்கும் கீழே போயிருந்தது. ஆலைப் பொருளின் விலை 350 டொலருக்கு மேல். 2015 இல் ஆலை எதையும் உற்பத்தி செய்யவில்லை. பின்னர் அது இன்னொரு கம்பனிக்கு விற்கப்பட்டது.

இதைத் தோல்வி என்று ஒதுக்கிவிட முடியாது. பயிர் பிழைக்கும் ஆண்டில் கைகொடுக்க இன்னொரு வழி உண்டு என்பது நோயாளருக்குப் பாதுகாப்பு. அதேவேளை ஆலை மலிவாகச் செய்திருந்தால் சீனா, வியற்நாம், கிழக்கு ஆபிரிக்காவில் அந்தச் செடியை நம்பியிருந்த சிறு விவசாயிகளின் நிலை என்னவாகியிருக்கும் என்ற கேள்வியும் உண்மையானது.

மதுவத்துக்குள் ஏறிய பட்டிப்பூ

பட்டிப்பூவின் வழி இன்னும் நீளமானது. அதன் படிகளில் கடைசியாகத் தெரியாமல் இருந்த நொதியங்களை இங்கிலாந்தின் நொறிச் நகரில் உள்ள ஜோன் இன்னஸ் நிலையத்தில் சாரா ஓகொனரின் குழு 2018 இல் கண்டறிந்தது. 2022 ஓகஸ்டில், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு கீஸ்லிங்கும் மைக்கல் ஜென்சனும் வழிநடத்திய குழு, மதுவத்தில் 56 பரம்பரை மாற்றங்களைச் செய்திருப்பதாக நேச்சர் சஞ்சிகையில் அறிவித்தது. அவற்றில் 34 தாவரங்களிலிருந்து வந்த பரம்பரையலகுகள். அந்த மதுவம் 30 படிகளுக்கு மேற்பட்ட வேலையைச் செய்து விண்டோலினையும் கதறாந்தினையும் உண்டாக்கியது. இந்த இரு பாதிகளையும் ஆய்வுகூடத்தில் இணைத்தபோது வின்பிளாஸ்டின் கிடைத்தது.

கிடைத்த அளவு மிகச் சிறியது. ஒரு லீற்றரில் மைக்கிரோகிராம் கணக்கில்தான், அதாவது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகில்தான் அதை அளக்கலாம். வைத்தியசாலைக்குப் போதிய மருந்தாக அது மாற இன்னும் பல மடங்கு கூட வேண்டும். ஆட்டிமிசினினும் சிறிய அளவில் தொடங்கியே 25 கிராமுக்கு வந்தது.

இதில் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 2019 இல் அமெரிக்காவில் வின்கிறிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்து, சிறுவர் புற்றுநோய் வைத்தியர்கள் திகைத்தார்கள். இரண்டே கம்பனிகள் அங்கு அதனை விநியோகித்தன. ஒன்று நிறுத்திக்கொண்டது. மற்றையது தாமதமானது. இலாபம் குறைந்த பழைய மருந்தை ஓரிருவரே செய்யும்போது பணக்கார நாட்டுப் பிள்ளைக்கும் மருந்து கிடைப்பதில்லை. மதுவம் வந்தாலும் அதன் உரிமை ஒரே கையில் இருந்தால் இந்த நிலை மாறாது. பல நாடுகள், பல ஆலைகள் செய்யக்கூடியதாக இருக்கும்போதுதான் தொழில்நுட்பம் நோயாளருக்குப் பயன்படும்.

எமது மரமஞ்சளும் பொன்குறண்டியும்

2020 இல் கொரோனா வந்தபோது கொத்தமல்லியும் மரமஞ்சளும் அவித்த குடிநீர் இலங்கையின் பல வீடுகளில் குடிக்கப்பட்டது. சிங்களத்தில் வெனிவெல் எனப்படும் மரமஞ்சள், தென்னிலங்கையின் ஈரவலயக் காடுகளிலும் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் கொடி. மருந்தாவது அதன் தண்டு. கொடி மெதுவாக வளரும், வெட்டியதை ஈடுசெய்ய நெடுங்காலம் எடுக்கும். இதனால் அது காடுகளில் அருகி வருகிறது. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பேபரின் என்ற பொருளை, வேறொரு செடியின் கலங்களை வளர்த்துப் பெறலாம் என்று யப்பானிய ஆய்வாளர்கள் 1980களிலேயே காட்டினார்கள்.

நீரிழிவுக்குப் பயன்படும் பொன்குறண்டி இன்னொரு உதாரணம். சிங்களத்தில் அது கோத்தல ஹிம்புட்டு. அதன் மரத்தில் கடைந்த குவளையில் இரவில் நீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது பழைய வழக்கம். அதிலுள்ள சலசினோல் என்ற பொருளை 1997 இல் யப்பானிய விஞ்ஞானிகள் பிரித்து அறிவித்தார்கள். மாப்பொருள் சீனியாக உடையும் வேகத்தை அது குறைக்கிறது. அறிவு எமது தீவினுடையது. ஆய்வு வேறிடத்தில் நடந்தது.

இங்கே செய்யக்கூடியவை உண்டு. மதுவத்துக்குள் முப்பது பரம்பரையலகுகளை ஏற்றும் ஆய்வுக்குப் பெரும் நிதி வேண்டும். ஆனால் அரிய மூலிகைகளை இழையவளர்ப்பில் பெருக்கி, காட்டிலிருந்து வெட்டுவதைக் குறைக்க அவ்வளவு நிதி தேவையில்லை. கைதடியில் சித்த மருத்துவக் கல்வி நடக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. எந்த மூலிகை அருகுகிறது என்று அறிந்தவர்களும், அதைப் போத்தலில் பெருக்கத் தெரிந்தவர்களும் ஒன்றாக வேலை செய்தால் அது பெரிய தொடக்கம். பரம்பரை வைத்தியர்களின் அறிவை உரிய உரித்துடன் பதிந்து வைப்பதும் அதே அளவு அவசரமானது.

வீட்டில் செய்யக் கூடாதது

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பட்டிப்பூவில் புற்றுநோய் மருந்து இருக்கிறது என்பதால் அதன் இலையை அவித்துக் குடிக்கக் கூடாது. இலையில் நூறுக்கும் மேற்பட்ட அல்கலோயிட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பல நஞ்சு. வின்கிறிஸ்டின் உடல் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மில்லிகிராம் கணக்கில் அளந்து நாளத்தின் வழியாக மட்டுமே ஏற்றப்படும் மருந்து. அளவு கூடினால் நரம்புகளைப் பாதிக்கும், வெண்குழியங்களைக் குறைக்கும். நீரிழிவுக்காக இந்த இலையைச் சாப்பிடுபவர்களும் அதைத் தமது வைத்தியரிடம் சொல்ல வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் எவரும் தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ தரப்படும் மருந்தை இடையில் நிறுத்திவிட்டு இலைச் சாற்றை நம்பக் கூடாது. ஐந்நூறு கிலோ இலையில் ஒரு கிராம் என்ற கணக்கை நினைத்தால் காரணம் விளங்கும். ஒரு கைப்பிடி இலையில் நோயைத் தீர்க்கப் போதிய மருந்து இல்லை. உடலைக் கெடுக்கப் போதிய நஞ்சு இருக்கலாம்.